டெஸ்ட் விழுகிறது, காரணம் என் கிட் கான்ஃபிக்: இதைப் புகார் சொல்லலாமா?

கேள்வி இதுதான். ஒரு திறமூலக் கருவியை மூலநிரலிலிருந்து பில்ட் செய்து டெஸ்ட்களை ஓட்டியிருக்கிறீர்கள். மூன்று டெஸ்ட்கள் விழுந்தன. 'எதிர்பார்த்தது மெயின், கிடைத்தது .இன்வேலிட்' என்று பிழைச்செய்தி. தோண்டிப் பார்த்ததில், எப்போதோ உங்கள் கிட் கான்ஃபிக்கில் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற கருவியின் அமைப்புக் கோப்பில்) 'ஃபீச்சர்.எக்ஸ்பெரிமென்டல்' என்பதை இயக்கி வைத்தது நினைவுக்கு வந்திருக்கிறது. அதை அணைத்ததும் எல்லாம் பச்சை. பரிசோதனை வசதியை இயக்கியது நீங்களே என்பதால் புகார் சொல்லத் தயங்குகிறீர்கள். சொல்வதென்றால் கிட் திட்டத்திடமா, கருவியைச் செய்தவர்களிடமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

புகார் சொல்லுங்கள். கருவியைப் பராமரிப்பவர்களிடம் சொல்லுங்கள். கிட் திட்டத்துக்கு இதில் வேலை இல்லை. ஆனால் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இந்தத் தோல்விக்குள் இரண்டு குறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துச் சொல்லாவிட்டால் சின்னதைச் சரிசெய்துவிட்டுப் பெரியதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

முதலில் அந்த '.இன்வேலிட்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கிட் இத்தனை வருடங்களாகப் பிராஞ்ச் (நிரலின் ஒரு கிளை) பெயர்களை '.கிட்' அடைவுக்குள் சாதாரணக் கோப்புகளாகத்தான் வைத்து வருகிறது. 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்' அடைவில் மெயின் என்று ஒரு கோப்பு, அதற்குள் கமிட்டின் (சேமித்த ஒரு மாற்றத்தின்) ஹாஷ், அதாவது அடையாள எண். நாம் எந்தப் பிராஞ்சில் நிற்கிறோம் என்பது 'ஹெட்' என்ற கோப்பில் ஒரே வரி. பார்க்க எளிமையான ஏற்பாடு, ஆனால் பெரிய ரெப்போக்களில் (கிட் கண்காணிக்கும் திட்ட அடைவுகளில்) இது திணறும். ரெஃப்களை (பிராஞ்ச் போன்ற பெயர்களை) ஒன்றாகச் சேர்த்து வைக்கும் 'பேக்டு-ரெஃப்ஸ்' கோப்பிலிருந்து ஒரே ஒரு ரெஃபை நீக்கவும் கோப்பு முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத கோப்பு முறைமைகளில், அந்த வேறுபாடு மட்டுமே உள்ள இரண்டு பிராஞ்ச்கள் மோதிக்கொள்ளும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ரெஃப்டேபிள். ஜேகிட்டுக்காக (ஜாவாவில் எழுதப்பட்ட கிட்) வடிவமைக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் வெளியான கிட் 2.45 பதிப்பில் கிட்டுக்கும் வந்து சேர்ந்தது. அப்போது அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 2.51 பதிப்பிலிருந்து நிலைமை வேறு. ஃபீச்சர்.எக்ஸ்பெரிமென்டல் இயங்கிக்கொண்டிருந்தால், புதிதாக 'கிட் இனிட்' செய்யும் ரெப்போ தானாகவே ரெஃப்டேபிள் வடிவில் உருவாகும். நீங்கள் கான்ஃபிக்கைத் தொடவே இல்லை, ஆனால் கிட்டைப் புதுப்பித்தபோது அந்த ஒற்றை வரியின் அர்த்தம் மாறிவிட்டது. அது ஒரு தனி வசதியின் பெயரே இல்லை, பல அமைப்புகளின் மூட்டை. ஒவ்வொரு வெளியீட்டிலும் அதில் சேர்ப்பார்கள், எடுப்பார்கள் என்று கிட் ஆவணமே சொல்கிறது. 'எக்ஸ்பெரிமென்டலை இயக்கினால் டெஸ்ட் விழுகிறது' என்று மட்டும் எழுதினால், 2.51க்கு முந்தைய கிட் வைத்திருக்கும் பராமரிப்பாளர் அதே வரியை இயக்கிப் பார்ப்பார், எல்லாம் பாஸாகும், 'என்னிடம் வரவில்லையே' என்று மூடிவிடுவார்.

ரெஃப்டேபிள் ரெப்போவின் உள்ளே போய்ப் பாருங்கள். ஹெட் கோப்பு இருக்கும், ஆனால் அது ஒப்புக்கு வைத்த கோப்பு. திறந்தால் 'ரெஃப்: ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/.இன்வேலிட்' என்ற வரி தெரியும். 'ரெஃப்ஸ்' அடைவுக்குள் ஹெட்ஸ் என்பது அடைவாக இருக்காது, கோப்பாக இருக்கும். இந்த ரெப்போ ரெஃப்டேபிள் வடிவத்தில் உள்ளது என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கும். உண்மையான ஹெட், 'ரெஃப்டேபிள்' என்ற அடைவில் உள்ள பைனரிக் கோப்புகளுக்குள் போய்விட்டது. எந்தெந்தக் கோப்புகள் நடப்பில் உள்ளன என்பதை அங்கேயே 'டேபிள்ஸ்.லிஸ்ட்' சொல்லும். இந்த ஒப்புக்கோப்பு ஏன்? பழைய கருவிகள் 'இது ஒரு கிட் ரெப்போ' என்றாவது அடையாளம் காண வேண்டும், அதே சமயம் தவறான பிராஞ்சைப் பிடித்துக்கொண்டு அதில் எழுதிவிடக் கூடாது. பிராஞ்ச் பெயர் புள்ளியில் தொடங்கக் கூடாது என்பது கிட் விதி. எனவே அந்தப் பெயரில் உண்மையான பிராஞ்ச் எந்த ரெப்போவிலும் இருக்க வாய்ப்பில்லை.

ஆக, உங்கள் பிழைச்செய்தி ஒன்றே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கருவி கிட்டிடம் பிராஞ்ச் பெயரைக் கேட்கவில்லை, '.கிட்/ஹெட்' கோப்பைத் தானே திறந்து படிக்கிறது. இது பெரிய குறை. சின்னக் குறை, டெஸ்ட்கள் தற்காலிக ரெப்போ உருவாக்கும்போது உங்கள் சொந்தக் கான்ஃபிக்கைப் படிக்கின்றன என்பது. உங்கள் ஹோம் அடைவில் என்ன எழுதியிருந்தாலும் டெஸ்ட் முடிவு மாறக் கூடாது. மூன்று டெஸ்ட்கள் மட்டும் விழுந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும். விழுந்தவை உள்ளே 'கிட் இனிட்' ஓட்டுபவையா, தப்பியவை முன்கூட்டியே செய்து வைத்த மாதிரி ரெப்போவைப் பயன்படுத்துபவையா என்று டெஸ்ட் கோப்புகளில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் அதுவும் நல்ல சாட்சி.

சின்னதை மட்டும் சரிசெய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டெஸ்ட்கள் சுத்தமான கான்ஃபிக்கில் ஓடும், எல்லாம் பச்சையாகும், பிரச்சினை முடிந்தது என்று மூடிவிடுவார்கள். அப்புறம் ரெஃப்டேபிள் ரெப்போ வைத்திருக்கும் பயனர் ஒருவர் கருவியை ஓட்டுவார், பிராஞ்ச் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் '.இன்வேலிட்' என்று வரும். அதற்கு முன்னால் எச்சரித்த டெஸ்ட்களையும் நாமே வாயடைத்திருப்போம்.

இனி காரணத்தைத் தனிமைப்படுத்தும் வேலை. அமைப்பை அணைத்ததும் பாஸானது என்பது பாதி நிரூபணம்தான். மீதிப் பாதிக்கு, மற்றதெல்லாம் சுத்தமாக இருக்க, சந்தேகத்துக்குரிய ஒன்றை மட்டும் இயக்கி விழ வைக்க வேண்டும். 'கிட்_கான்ஃபிக்_குளோபல்' என்ற சூழல் மாறியை டெவ்-நல்லுக்கு (படித்தால் எப்போதும் காலியாக இருக்கும் கோப்பு) திருப்புங்கள், 'கிட்_கான்ஃபிக்_நோசிஸ்டம்' என்பதை 1 ஆக்குங்கள். உங்கள் கான்ஃபிக் கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ தேவையில்லை. அந்த டெர்மினலில் மட்டும் கிட் அதைக் கண்டுகொள்ளாது. (முதல் மாறி 2021இல் வந்த 2.32 பதிப்பிலிருந்துதான் வேலை செய்யும். உங்களிடம் அதைவிடப் புதியது நிச்சயம்.) இப்போது டெஸ்ட்கள் பாஸாக வேண்டும். அடுத்து, அதே டெர்மினலில் 'கிட்_டிஃபால்ட்_ரெஃப்_ஃபார்மேட்' என்ற மாறிக்கு ரெஃப்டேபிள் என்று மதிப்புக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். அதே மூன்றும் அதே செய்தியோடு விழுந்தால், மூட்டைக்குள் இருக்கும் மற்றவை நிரபராதிகள். வேறு எண்ணிக்கையில் விழுந்தால் அவசரப்பட வேண்டாம், இன்னொரு அமைப்பும் கூட்டு.

ஒரு சின்னத் தொல்லை. கான்ஃபிக்கை மறைத்ததும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்து மறைந்துவிடும். கமிட் செய்யும் டெஸ்ட்கள் 'நீங்கள் யார் என்று சொல்லுங்கள்' என்ற செய்தியோடு புதிதாக விழலாம். அதை இந்தப் பிரச்சினையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆத்தர், கமிட்டர் பெயர்களையும் மின்னஞ்சல்களையும் சூழல் மாறிகளாகக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள்.

கடைசியாக, டெஸ்ட்களை முழுக்க ஒதுக்கிவிட்டு ஒரு முயற்சி. அறிக்கையில் முதலில் நிற்க வேண்டியது இதுதான். காலி அடைவு ஒன்றில் 'கிட் இனிட்' கட்டளையை 'ரெஃப்-ஃபார்மேட்' தெரிவுக்கு ரெஃப்டேபிள் கொடுத்து ஓட்டுங்கள், ஒரு கமிட் போடுங்கள், அங்கே கருவியை ஓட்டுங்கள். '.இன்வேலிட்' வந்தால் முடிந்தது: டெஸ்ட்டும் தேவையில்லை, உங்கள் கான்ஃபிக்கும் தேவையில்லை, எவர் கணினியிலும் கிட் 2.45 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் மூன்றே கட்டளைகளில் குறையைப் பார்த்துவிடலாம். நேரம் இருந்தால் சாதாரண ரெப்போ ஒன்றில் 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' (அதே ரெப்போவுக்கு இன்னொரு வேலை அடைவை உருவாக்கும் கட்டளை) செய்து, அந்தப் புதிய வொர்க்ட்ரீக்குள்ளும் கருவியை ஓட்டிப் பாருங்கள். அங்கே '.கிட்' என்பது அடைவு இல்லை, வேறிடத்தைச் சுட்டும் கோப்பு. 2015 முதலே அப்படித்தான். அங்கும் தடுமாறினால், 'இதெல்லாம் பரிசோதனை வசதி' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும்.

கருவி '.இன்வேலிட்' என்று உளறாமல் 'இந்த ரெப்போவின் எக்ஸ்டென்ஷன் எனக்குத் தெரியாது' என்று சொல்லி நின்றிருந்தால் கதையே வேறு. ரெஃப்டேபிள் ரெப்போவின் கான்ஃபிக்கில் ரெப்போ வடிவப் பதிப்பு 1 என்று இருக்கும், கூடவே ரெஃப் சேமிப்பு ரெஃப்டேபிள் என்று ஓர் எக்ஸ்டென்ஷன் வரி இருக்கும். பதிப்பு 1 என்று கண்டால், தனக்குத் தெரியாத எக்ஸ்டென்ஷன் எதுவாக இருந்தாலும் கருவி வேலையைத் தொடரக் கூடாது என்பது கிட் ஆவணத்தில் உள்ள விதி. மறுத்து நிற்கும் கருவி ஒழுங்காக நடந்துகொள்கிறது. அதனிடம் நாம் கேட்பது புது வசதி. மறுக்காமல் தவறான பெயரைக் கொடுக்கும் கருவியிடம் சொல்வது பக். உங்களுடையது இரண்டாவது வகை. இந்த ஒரு வாக்கியத்தை அறிக்கையில் விட்டுவிடாதீர்கள். பராமரிப்பாளரிடம் எடுபடக்கூடிய வாதம் இதைவிட வேறில்லை.

அறிக்கையைப் பற்றி. 'என் கணினியில் டெஸ்ட் ஓடவில்லை' என்ற தலைப்பு யாரையும் திறக்க வைக்காது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'ரெஃப்டேபிள் ரெப்போவில் பிராஞ்ச் பெயர் .இன்வேலிட் என்று வருகிறது.

கிட் 2.51இல், ரெஃப்டேபிள் வடிவில் உருவாக்கிய ரெப்போவில் ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டினால் பிராஞ்ச் பெயர் மெயின் என்பதற்குப் பதிலாக .இன்வேலிட் என்று காட்டுகிறது. செய்து பார்க்கும் மூன்று கட்டளைகள் கீழே. கருவி .கிட்/ஹெட் கோப்பை நேரடியாகப் படிப்பதுபோல் தெரிகிறது. இந்த வடிவில் அந்தக் கோப்பு ஒப்புக்கு வைக்கப்பட்டது. கிட் பிராஞ்ச் ஷோ-கரன்ட் அதே இடத்தில் மெயின் என்று சரியாகத் தருகிறது.

இதை நான் கவனித்தது டெஸ்ட் தோல்வி வழியாக. என் குளோபல் கான்ஃபிக்கில் ஃபீச்சர்.எக்ஸ்பெரிமென்டல் இயங்குகிறது, 2.51 முதல் அது புதிய ரெப்போக்களை ரெஃப்டேபிளில் உருவாக்குகிறது. சுத்தமான கான்ஃபிக்கில் டெஸ்ட்கள் அனைத்தும் பாஸ். சுத்தமான கான்ஃபிக்கோடு ரெஃப் வடிவத்தை மட்டும் மாற்றினால் அதே மூன்றும் விழுகின்றன.'

இவ்வளவு போதும். அதன் கீழே கட்டளைகள், விழுந்த டெஸ்ட்களின் பெயர்கள், ஒரே ஒரு டெஸ்ட்டின் முழு வெளியீடு, கருவியின் எந்தக் கமிட்டிலிருந்து பில்ட் செய்தீர்கள், இயங்குதளம் எது. மூன்று டெஸ்ட்டின் லாகையும் மொத்தமாகக் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். 'தெரிகிறது', 'நினைக்கிறேன்' போன்ற சொற்களை ஊகத்துக்கு மட்டும் வையுங்கள். பார்த்ததைப் பார்த்ததாகவே எழுதுங்கள். மூலநிரலில் அந்தக் கோப்பைத் திறக்கும் வரியைக் கண்டுபிடித்துவிட்டால் 'படிப்பதுபோல் தெரிகிறது' என்பதை எடுத்துவிட்டு வரி எண்ணைப் போடுங்கள்.

கான்ஃபிக்கை ஒட்டும்போது கவனம். 'கிட் கான்ஃபிக் லிஸ்ட்' தருவதை அப்படியே ஒட்டிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் உங்கள் மின்னஞ்சல் இருக்கும், வேலையிட சர்வர் முகவரிகள் இருக்கும், முகவரி மாற்று விதிகளிலோ கூடுதல் எச்டிடிபி தலைப்பு அமைப்பிலோ டோக்கனே இருக்கலாம். தேவையான ஒரு வரியை மட்டும் எடுங்கள். 'ஷோ-ஆரிஜின்', 'ஷோ-ஸ்கோப்' தெரிவுகளைச் சேர்த்தால் அந்த வரி எந்தக் கோப்பிலிருந்து, எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். அது குளோபலா, அலுவலகக் கணினியில் யாரோ சிஸ்டம் அளவில் போட்டதா என்பதும் சில சமயம் முக்கியம். ஒட்டும் முன் அந்தப் பாதையில் உங்கள் பயனர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்களுக்குள் உங்கள் கான்ஃபிக் கசிவதைத் தனி அறிக்கையாக எழுதுவதா, இதிலேயே சேர்ப்பதா? தனியாக எழுதி ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுங்கள் என்பேன். ஒன்றை இன்றைக்கே சரிசெய்துவிடலாம், மற்றது அடுத்த வெளியீடு வரை போகலாம். ஒரே அறிக்கையாக இருந்தால் முதலாவது முடிந்ததும் இரண்டாவதும் சேர்ந்து மூடப்படும். கசிவு அறிக்கையில் தீர்வையும் சொல்லிவிடலாம். கிட்டின் சொந்த டெஸ்ட்களே தற்காலிக அடைவை ஹோமாக வைத்துக்கொண்டு, எக்ஸ்டிஜி கான்ஃபிக் அடைவு மாறியை நீக்கிவிட்டு, சிஸ்டம் கான்ஃபிக்கை ஒதுக்கிவிட்டுத்தான் ஓடுகின்றன. ஹோமை மட்டும் மாற்றிவிட்டு எக்ஸ்டிஜி மாறியை மறப்பது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. கிட் அந்த வழியாகவும் கான்ஃபிக் படிக்கும். இப்படித் தனிமைப்படுத்திய பிறகு, ரெஃப்டேபிளை வெளிப்படையாகக் கேட்டு உருவாக்கும் டெஸ்ட் ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். தற்செயலாக நடந்த சோதனை இனி திட்டமிட்டே நடக்கட்டும்.

பெரிய குறைக்குப் பேட்ச் அனுப்ப நினைத்தால், ஹெட்டைப் படிக்க எந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் ஒரு வழுக்கல் உண்டு. பலர் கை தானாக 'ரெவ்-பார்ஸ் ஆப்ரெவ்-ரெஃப் ஹெட்' என்று தட்டும். கமிட்டே இல்லாத புது ரெப்போவில் அது பிழை தரும். 'சிம்பாலிக்-ரெஃப்' அங்கே சரியாக வேலை செய்யும், ஆனால் எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் நேரடியாகக் கமிட்டில் நிற்கும்போது தோல்வி காட்டும். 2019இல் 2.22 பதிப்பில் வந்த 'பிராஞ்ச் ஷோ-கரன்ட்' இரண்டு நிலைகளிலும் பிழையில்லாமல் முடியும். பிராஞ்ச் இல்லாதபோது எதையும் அச்சிடாது, அவ்வளவுதான். பழைய நிரல் ஒவ்வொரு நிலையிலும் என்ன திருப்பியது என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

'பரிசோதனை வசதிகளை நாங்கள் ஆதரிப்பதில்லை' என்று பதில் வரலாம். சண்டைக்குப் போகாதீர்கள். எதிர்கால இயல்பமைப்பாகப் பரிசீலனையில் உள்ளவற்றை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லத்தான் அந்த அமைப்பே இருக்கிறது. கிட் 3.0 வரும்போது புதிய ரெப்போக்களுக்கு ரெஃப்டேபிளே இயல்பு வடிவம் என்பதும் அறிவிக்கப்பட்ட திட்டம். இதை ஒரே வரியில் சொல்லி, 'முழு ஆதரவு இப்போது வேண்டாம், தவறான பெயர் கொடுப்பதற்குப் பதில் மறுத்து நின்றாலே போதும்' என்று கேளுங்கள். அதற்குச் சில வரி நிரல்தான் ஆகும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கிட் திட்டத்திடம் எப்போது போக வேண்டும்? கிட்டின் ஒரே கட்டளை பழைய வடிவில் ஒரு விடையும் ரெஃப்டேபிளில் வேறு விடையும் தந்தால் அது அவர்கள் பாடு. அப்போது 'கிட் பக்ரிப்போர்ட்' கட்டளை பதிப்பு, இயங்குதள விவரங்களோடு அறிக்கைப் படிவத்தை நிரப்பித் தரும்.

இதே பாணியில் மாட்டிவிடும் இன்னொரு அமைப்பு 'ஃபீச்சர்.மெனிஃபைல்ஸ்'. அது இயங்கினால், 2023இல் வந்த 2.40 பதிப்பிலிருந்து இண்டெக்ஸ் கோப்பின் (அடுத்த கமிட்டுக்கான கோப்புப் பட்டியல்) கடைசியில் செக்சம் (கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) எழுதப்படாது. வேகத்துக்காக அந்த இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பிவிடும். இண்டெக்ஸை நேரடியாகப் படிக்கும் நூலகம் 'செக்சம் பொருந்தவில்லை, கோப்பு கெட்டுவிட்டது' என்று அலறினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். பரிசோதனையே அல்லாத சாதாரண அமைப்புகளும் டெஸ்ட்களைக் கவிழ்க்கும்: கமிட்களுக்குத் தானாகக் கையொப்பமிடுவது, டிஃபில் ஏ, பி முன்னொட்டுகளை நீக்குவது, பொது ஹுக்ஸ் அடைவு வைத்திருப்பது. விசாரிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அமைப்பை அணைத்துவிட்டதால் உங்கள் கணினியில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ரெஃப் வடிவத்தைப் பொறுத்தவரை அந்த வரி ரெப்போ உருவாகும் நேரத்தில் மட்டும்தான் பார்க்கப்படும். 2.51க்கு மாறிய நாளிலிருந்து நீங்கள் இனிட் அல்லது குளோன் செய்தவை ரெஃப்டேபிளாகவே இருக்கும்; இந்தக் கருவி அங்கெல்லாம் இன்னும் '.இன்வேலிட்' என்றுதான் சொல்லும். ஒவ்வொன்றிலும் 'கிட் ரெவ்-பார்ஸ் ஷோ-ரெஃப்-ஃபார்மேட்' ஓட்டினால் எந்த வடிவம் என்று தெரியும். கருவி சரியாகும் வரை பழைய வடிவுக்குத் திருப்ப வேண்டுமென்றால் 2.46இல் வந்த 'கிட் ரெஃப்ஸ் மைக்ரேட்' இருக்கிறது. முதலில் 'டிரை-ரன்' தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். கூடுதல் வொர்க்ட்ரீ உள்ள ரெப்போ என்றால் அவற்றை நீக்கிவிட்டு முயலுங்கள். வொர்க்ட்ரீக்களோடு மாற்றுவது அந்தக் கட்டளையின் ஆவணத்தில் குறிப்பிட்டிருக்கும் வரம்புகளில் ஒன்று.